பதினான்கு நிமிடப் பயணம்

கொன்றைவயல் விமான நிலையத்திலிருந்து சோழியக்கரை விமான நிலையத்துக்கு விமானம் கிடையாது. ஆனால் பயண நேரம் உண்டு. பதினான்கு நிமிடம்.

இந்தப் பதினான்கு நிமிடத்தை வான்வழிப் பயண நேர வாரியம் பெரும்பாடு பட்டு உருவாக்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு சின்ன விமானத்தை வரவழைத்து, வாரிய உறுப்பினர்கள் ஏழு பேரும் வீட்டம்மாக்களோடு அதில் ஏறி சோழியக்கரைக்குப் பறந்தார்கள். அங்கே நண்டு வறுவலோடு மதியச் சாப்பாடு. திரும்பி வந்தது காரில். விமானம் அது வந்த இடத்துக்கே போய்விட்டது. பயண நேரம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

கொன்றைவயல், காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. சோழியக்கரை கடலோரத்தில். தரைவழியாகப் போனால் மூன்று பஸ் மாற வேண்டும். எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு வந்தால் மூன்றரை மணி நேரம். எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பாண்டிமுருகனுக்கு இந்தப் பயண நேரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் லோடு ஆட்டோ ஓட்டியவர். ஆத்தங்குடியிலிருந்து தரைக்கற்களை ஏற்றிக்கொண்டு, ஹோட்டலாக மாறிய செட்டியார் வீடுகளுக்கெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் முடித்த பிறகு, ஆட்டோ வாசலில் நின்றது. வாரத்துக்கு இரண்டு தடவை கொன்றைவயல் அரசு மருத்துவமனைக்கு நடந்தே போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார். அங்கே மூன்று மெஷின்கள். நடு மெஷின் இவருக்கு, சுவரோர மெஷின் ஒரு பெரியவருக்கு. ஜன்னலோர மெஷின் தீபலட்சுமிக்கு. இருபத்திரண்டு வயதுப் பெண், ரவிக்கை தைப்பவள். இருவரும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். பாண்டிமுருகனின் மனைவி முத்தழகு வராந்தாவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர்கள் போனபோது மூன்று மெஷின்களும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு, இனிமேல் டயாலிசிஸ் சோழியக்கரையில் என்றது.

அன்றைக்கே முத்தழகு புருஷனை அழைத்துக்கொண்டு, மருத்துவ வசதிகளை ஒருங்கிணைக்கும் அலுவலகத்துக்குப் போனாள். இணை இயக்குநர் ஸ்ரீநிவாசன் அன்பான மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டயாலிசிஸ்காரர் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று முத்தழகு சொன்னதும் தண்ணீரைத் தானே குடித்தார்.

"சார், எங்க மெஷினை ஏன் தூக்கிட்டுப் போறாக?"

"தூக்கிட்டுப் போகலம்மா. ஒருங்கிணைக்கிறோம். ரெண்டு மையத்துக்கு நடுவுல பயண நேரம் முப்பது நிமிஷத்துக்குக் குறைஞ்சா ஒண்ணு வீண்னு விதி இருக்கு. உங்க ஊருக்கும் சோழியக்கரைக்கும் பதினாலு நிமிஷம்."

பாண்டிமுருகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், நான் வண்டி ஓட்டுனவன். காலைல டீயக் குடிச்சுட்டுக் கெளம்புனா மத்தியானச் சோறு அங்கனதான்."

"அது ரோடு. ரோடு வேற துறை."

"அப்ப பிளேன் ஓடுதா சார்?"

"பிளேன் ஓடுறது நடைமுறை. பயண நேரம்ங்கிறது கொள்கை. நாங்க கொள்கையை மட்டும்தான் பார்க்கிறோம்." ஸ்ரீநிவாசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்க கொடுத்துவச்சவங்க. விமான நிலையம் இல்லாத ஊர்க்காரன் ரோட்டு நேரத்தைக் காட்டி மெஷினை வச்சுக்கிட்டுக் கிடக்கிறான். அவனுக்கு வளர்ச்சி இல்ல, பாவம். உங்களுக்கு வளர்ச்சி வந்துடுச்சு. வளர்ச்சி வந்த எடத்துல மெஷின் எதுக்கும்மா?"

"வேற பக்கத்து ஊருக்காச்சும் எழுதிக் குடுங்க சார்."

அவர் கணினியைத் தட்டினார். எந்த ஊரைத் தட்டினாலும் அது சோழியக்கரை என்றே காட்டியது. பதினான்கு நிமிடத்தைவிட அருகில் வேறு எந்த ஊரும் இல்லை.

சோழியக்கரையில் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் கொன்றைவயல் விமான நிலையத்தில் பயணியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். போனார்கள். ஊருக்கு வெளியே, நாலு பக்கமும் கருவேல மரத்துக்கு நடுவில், கல்யாண மண்டபம்போல நின்றது விமான நிலையம். உள்ளே பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பளபளவென்றிருந்தது. மின்பலகையில் 'சோழியக்கரை, புறப்பாடு 7.40, வருகை 7.54' என்று பச்சை எழுத்து. பயண நேர அதிகாரி கார்த்திகேய சிவம் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அவரைத் தவிர அங்கே இருந்தது அறிவிப்பாளர் சௌபர்ணிகா. ஒலிபெருக்கியில் பேசுவது அவள் வேலை.

நோயாளி காலை ஏழு மணிக்கு வந்து பதிவு செய்ய வேண்டும். பெயருக்கு நேரே 'புறப்பட்டார்' என்று விழும். 7.40க்கு விமானம் ரத்து என்று சௌபர்ணிகா அறிவிப்பாள். அதைக் கேட்ட பிறகு நோயாளி தன் சொந்த ஏற்பாட்டில் சோழியக்கரைக்குப் போகலாம். அங்கே மருத்துவமனை வாசலில், கூட வந்தவர் ரேஷன் கடையில் இருப்பது போன்ற மெஷினில் விரலை வைத்தால் 'வந்து சேர்ந்தார்' என்று விழும். எத்தனை மணிக்கு விரலை வைத்தாலும் நேரம் 7.54 என்றுதான் பதிவாகும்.

"தெனமுமா சார் ரத்து?" என்றாள் முத்தழகு.

கார்த்திகேய சிவத்துக்கு முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் அவரிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டதில்லை.

"தினமும். இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள் ரத்து பண்ணாம விட்டதில்ல. பொங்கலன்னைக்குக் குழந்தைங்களை வீட்டுல விட்டுட்டு வந்து ரத்து பண்ணிட்டுப் போனேன். இல்லாத விமானத்தை ரத்து பண்ண முடியுமாம்மா? நீங்களே சொல்லுங்க. ரத்து பண்றோம்னா விமானம் இருக்குன்னுதானே அர்த்தம்? நான் ஒரு நாள் லீவு போட்டா இந்த ஊருக்கு விமானமே இல்லாமப் போயிடும்."

பாண்டிமுருகன் மனைவியைப் பார்த்தார். முத்தழகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதற்கு அதுதான் கடைசி சந்தர்ப்பமாக இருந்தது.

முதல் நாள் 7.40க்கு ரத்தைக் கேட்டுவிட்டு பஸ் ஏறி சோழியக்கரை போனபோது உச்சி வெயில். அவருக்கு ஒதுக்கிய நேரம் எட்டரை. 7.54க்கு வந்து சேர்ந்தவர் எட்டரைக்கு ஏன் படுக்கையில் இல்லை என்று கணினி கேட்டது. நர்ஸ் நல்ல பெண். கடைசியில் யாரோ ஒருவருக்கு முடிந்த மெஷினில் படுக்க வைத்தாள். ஆனால் நாலு மணி நேரம் ஓட வேண்டியது இரண்டு மணி நேரம்தான் ஓடியது. அதற்குமேல் இருந்தால் கடைசி பஸ்ஸும் போய்விடும்.

"இவுக வர லேட்டாகும்னு கம்ப்யூட்டர்ல போட்டுவிடு தாயி" என்று கெஞ்சினாள் முத்தழகு.

"விமானம் தாமதம்னு உங்க ஊர்லேர்ந்து சர்ட்டிஃபிகேட் கொண்டு வாங்கக்கா. நேரத்தை மாத்திக் குடுக்கறேன்."

மறுநாள் கார்த்திகேய சிவம் அந்தச் சர்ட்டிஃபிகேட்டைத் தர மறுத்தார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "எங்க விமானம் இதுவரைக்கும் ஒரு தடவைகூட தாமதமானதில்லம்மா. ரத்துதான் ஆயிருக்கு. தாமதம்னு எழுதிக் குடுத்தா அது பொய்யாயிடும். இந்தத் தென்பகுதியிலேயே நேரந்தவறாமைக்கு நாங்கதான் முதலிடம்."

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. தீபலட்சுமியும் அவள் அம்மாவும் சேர்ந்துகொள்ள, நாலு பேருமாக ஒரு வாடகை வேன் பேசினார்கள். வேனில் போனால் முக்கால் மணி நேரம் மிச்சம். ஆனாலும் ரத்தைக் கேட்காமல் கிளம்ப முடியாது. அரைகுறையாகச் சுத்தமான ரத்தத்தோடு பாண்டிமுருகனின் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது. இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு முத்தழகும் எதிரே விழித்துக்கொண்டிருப்பாள்.

முத்தழகு குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தாள். பயண நேரம் தவறு, திரும்ப அளந்து பாருங்கள் என்று தீபலட்சுமி எழுதிக் கொடுத்த மனு. ஆச்சரியமாக, வாரியம் உடனே நடவடிக்கை எடுத்தது. நிபுணர்கள் வந்தார்கள். விமான நிலையத்துக் கூரையில் ஏறிக் காற்றை அளந்தார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் ஸ்ரீநிவாசன் மைக்கைப் பிடித்து முடிவைச் சொன்னார்.

"சகோதரி முத்தழகு அவர்களின் மனு நியாயமானது. பயண நேரம் தவறாகத்தான் இருந்தது. ஆடிக்காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். உண்மையான நேரம் பதின்மூன்று நிமிடம். சாதாரணக் குடிமகள் ஒருத்தி மனு கொடுத்து ஒரு தூரத்தையே குறைத்திருக்கிறார் என்றால், மக்களாட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். முத்தழகுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அவள் அதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, "நான் கேட்டது இதில்லை சார்" என்றாள். அதற்குள் அடுத்த மனுவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

புரட்டாசி மாதம் ஒரு காலையில், விமான நிலைய வாசலில் பாண்டிமுருகனால் வேனிலிருந்து இறங்கி நடக்க முடியவில்லை. சௌபர்ணிகா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புத்தம் புதியது, அதில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. பதிவு செய்யும்போது, கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டாள்.

"ஜன்னலோர சீட்டா சார், நடு சீட்டா?"

"ஜன்னலோரமே போடு தாயி. கடலப் பாத்துக்கிட்டே போறேன்."

அவள் குனிந்துகொண்டு எழுதினாள். ஒலிபெருக்கியில் அன்றைக்கு அவள் குரல் உடைந்தது. தெளிவாக இல்லை என்பதால் ரத்தை இன்னொரு தடவை அறிவிக்கச் சொன்னார் கார்த்திகேய சிவம்.

தேவகோட்டை தாண்டியதும் பாண்டிமுருகனுக்கு மூச்சு இழுத்தது. முத்தழகு அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் எம்புட்டு தூரம்?"

"இந்தா வந்துருச்சுங்க. செத்த பொறுத்துக்கங்க."

வேன் ஓட்டுநர் அழுத்தி ஓட்டினார். இரண்டு பக்கமும் தரிசு. ஒரு கண்மாய் வந்தது, போனது. பாண்டிமுருகன் பிறகு தூரம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் முத்தழகுக்கு அந்தத் தோள் கனப்பது தெரிந்தது.

ஓட்டுநர் ஓரமாக நிறுத்தினார். தீபலட்சுமிக்கும் அன்றைக்கு டயாலிசிஸ். அவள் முகமும் வீங்கித்தான் இருந்தது. அவள் அம்மா வாயைத் திறப்பதற்குள் தீபலட்சுமி சொன்னாள்.

"வண்டியத் திருப்புங்கண்ணே. மாமாவ வீட்டுக்குக் கொண்டு போவோம்."

"ஒனக்கு மெஷின் போயிருமேத்தா" என்றாள் முத்தழகு.

"நாளைக்குப் பஸ்ல போயிக்கிறேன். திருப்புங்கண்ணே."

வேன் திரும்பியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் ஊருக்குப் போய்விட்டாள். முத்தழகு இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாள். சான்றிதழ் இருந்தால்தான் விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம், ஆட்டோவைப் பெயர் மாற்றி விற்கலாம். கணினியைப் பார்த்த பெண் தலையை ஆட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் பயணத்துல இருக்கார்னு காட்டுதும்மா."

"என்ன சொல்றீக?"

"ஏழு நாப்பதுக்குப் புறப்பட்டார்னு இருக்கு. வந்து சேர்ந்தார்னு விழல. விமானப் பயணத்துல இருக்கிறவருக்கு இறப்புச் சான்றிதழ் குடுக்க முடியாது. பயணத்தை முடிச்சுட்டு வரச் சொல்லுங்க." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கார்த்திகேய சிவம் கோட்டோடு வீட்டுக்கு வந்தார். ஸ்ரீநிவாசனும் கூட வந்தார். விரல் வைக்கும் மெஷினைப் பையிலிருந்து எடுத்து முத்தழகு முன்னால் வைத்தார்கள். இரண்டு பேரும் மிகவும் நல்ல வார்த்தைகள் சொன்னார்கள்.

"வாரியம் இதைத் தீர ஆராய்ந்துடுச்சும்மா" என்றார் ஸ்ரீநிவாசன். "பயணம் மொத்தமே பதிமூணு நிமிஷம். உங்க வீட்டுக்காரர் இறந்தது கெளம்பி ரெண்டு மணி நேரம் கழிச்சு. அப்படின்னா பயணத்துல சாகல. சாகவும் முடியாது, நேரம் பத்தாது. சோழியக்கரை சேர்ந்து, நிம்மதியாத்தான் செத்திருக்கார். நீங்க ஒரு விரலை வச்சா எல்லாம் சரியாயிடும். நாளைக்கே சர்ட்டிஃபிகேட்."

முத்தழகுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. வீட்டில் அரிசி குறைந்துகொண்டிருந்தது. சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்கு அருகே கொண்டுபோனாள். அதைப் பார்த்ததும் கார்த்திகேய சிவத்துக்குப் போன உயிர் வந்தது. நிம்மதி வந்தால் அவருக்குப் பேச்சும் வரும்.

"ரொம்ப நன்றிம்மா. நான் தூங்கிப் பல நாளாச்சு. எங்க தடத்துல பயணிகள் மூணு பேருதான். அதுல ஒருத்தர் சேராம நின்னா சராசரி என்னத்துக்காகும்? பலகையில பதிமூணு நிமிஷம்னு இருந்தது இப்ப ஆறு நாள்னு காட்டுது. துணியப் போட்டு மூடி வச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் இப்படியே முப்பது நிமிஷத்தைத் தாண்டி நின்னா விதிப்படி அந்த மூணு மெஷினையும் திரும்ப இங்க கொண்டாந்து வைக்கணும். நல்லவேளை, நீங்க..."

ஸ்ரீநிவாசன் அவர் காலை மிதித்தார். ஆனால் முத்தழகு விரலை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"மூணு மெஷினும் திரும்ப வருமா சார்?"

"அது ஒரு தொழில்நுட்ப விஷயம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அழுதாளோ என்னவோ, கொஞ்ச நேரம் ஆளைக் காணவில்லை. பிறகு வாசலுக்கு வந்து, "அங்குட்டு வண்டி நிக்கிதுல்ல, பாத்துப் போங்க. இருட்டிருச்சு" என்றாள்.

மாதக் கடைசி வந்தது. விதி என்றால் விதி. மெஷின்கள் போன லாரியிலேயே திரும்பி வந்தன. ஸ்ரீநிவாசன் ரிப்பன் வெட்டினார். மக்களின் நீண்டநாள் கனவு நனவாகிவிட்டது என்று பேசினார். யாருடைய கனவு, எப்போதிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. தீபலட்சுமிக்கு அதே ஜன்னலோரம் கிடைத்தது. நாலு மணி நேரமும் ஓடியது. நடுப் படுக்கைக்குப் புதிதாக ஒரு பள்ளி வாத்தியார் வந்தார்.

முத்தழகுக்கு உதவித்தொகை வரவில்லை. ஆட்டோவை விற்க முடியவில்லை, அது வாசலிலேயே துருப்பிடிக்கிறது. மருத்துவமனையில் துணி அலசும் வேலைக்குப் போகிறாள். உறவுக்காரர்கள் திட்டுகிறார்கள். செத்த மனிதனைச் சாக விடாமல் இப்படி நடுவழியில் நிறுத்தி வைத்திருக்கிறாளே, பாவமில்லையா என்று மதினிக்காரி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அன்று இரவு முத்தழகு சாப்பிடவில்லை.

தீபலட்சுமியே ஒரு நாள் வந்து, "அத்தை, போதும். வெரல வச்சுருங்க. எங்களுக்காக நீங்க எதுக்குச் சீரழியணும்?" என்றாள்.

"நீ தையலப் பாரு" என்று சொல்லிவிட்டாள்.

கார்த்திகேய சிவம் மட்டும் விடவில்லை. மாதம் ஒரு தடவை மெஷினை எடுத்துக்கொண்டு வருகிறார். இப்போது கோட்டு தொளதொளவென்றிருக்கிறது. நேரந்தவறாமை விருது வேறு ஊருக்குப் போய்விட்டது. போன வாரம் வந்தவர், மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய அழுதுவிட்டார்.

"ஒரு விரல்தானேம்மா? ஊருக்கே தெரியும். நீங்களே காரியம் பண்ணினீங்க. அவர் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

முத்தழகு ஈரக் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"இல்ல சார். அவுக இன்னும் போய்ச் சேரல."